உப அதிபரின் கார் யாழ்ப்பாணம் போன கதை

காலை ஆறே முக்காலுக்கு அந்த வெள்ளைக் கார் பனிமூட்டத்துக்குள்ளிருந்து சத்தமில்லாமல் இறங்கி வரும். ஈரத் தாரில் டயர் உருளும் ஓசை மட்டும் கேட்கும். மேலே குவாட்டர்ஸ் வாசலில் எங்கள் பாடசாலையின் உப அதிபர் கைபிரேக்கை விட்டிருப்பார். எஞ்சின் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். தேயிலை மலையைச் சுற்றி இரண்டு முடக்குத் திரும்பி, மூன்றாவது முடக்குக்கு முன்னால் இரண்டாவது கியரில் கிளட்சை விடுவார். கார் ஒருமுறை குலுங்கி, இரண்டு தரம் இருமி, உயிர் பிடிக்கும். அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, பிள்ளைகளின் கொப்பிக் கட்டு ஒரு கையிலும் சேலைக் கொசுவம் மறு கையிலுமாக நான் நிற்பேன். கார் நிற்காது. வேகத்தைச் சற்றுக் குறைப்பார், அவ்வளவுதான். “ஏறுங்க டீச்சர், ஏறுங்க ஏறுங்க, நின்னா செத்துரும்!” என்று உள்ளிருந்து சத்தம் வரும். கதவைத் திறந்து, கூடவே நாலடி ஓடி, உள்ளே விழுந்து, கதவை மெதுவாகச் சாத்த வேண்டும். ஓங்கிச் சாத்தினால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

இப்படி ஆறு வருடம் ஓடி ஓடி ஏறியிருக்கிறேன். தலவாக்கலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் தமிழ் ஆசிரியையாக இருந்த காலம் அது. உப அதிபர் கணித பாடக்காரர். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்த தாயின் சம்பளத்தில் படித்து மேலே வந்தவர். அவருடைய தோட்டத்து ஆட்களில் கார் வாங்கிய முதல் மனிதரும் அவர்தான். கார் என்னவோ எங்கள் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளைவிட வயதில் மூத்தது. வாங்கிய இரண்டாம் வருடம் பேட்டரி செத்துப்போனது. புதியது வாங்கும்வரை ஒரு வாரம் இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்தார். அந்த ஒரு வாரத்தில், பேட்டரி என்ற ஒன்று எதற்கு என்ற கேள்வி அவருக்குள் எழுந்துவிட்டது. “மலை சும்மா தள்ளிவிடுது டீச்சர். இதுக்குப் போய் எதுக்குங்க புது பேட்டரி?” என்பார். பழைய பேட்டரியில் ஹோர்ன் அடிக்கவும் சிக்னல் போடவும் மட்டும் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தது. அதுவே தாராளம் என்பது அவருடைய முடிவு.

அதன் பிறகு இறக்கம் இருக்கும் இடம், இல்லாத இடம் என்று அவருடைய உலகம் இரண்டாகப் பிரிந்தது. நுவரெலியாவில் ஊரே மரக்கறி வாங்கும் இடத்துக்கு அவர் போக மாட்டார். அங்கே வீதி மட்டமாக இருக்கிறதாம். மேலே ஒரு சந்துக்குள், வாடிய கரட்டும் முற்றிய போஞ்சியும் விற்கும் கடைக்குத்தான் போவார். வாசலில் அருமையான இறக்கம். அதேபோல் இறக்கத்தில் இருந்த ஒரே சலூன்காரருக்குக் கண் பார்வை கொஞ்சம் மட்டு. ஆறு வருடமும் உப அதிபரின் ஒரு பக்கக் கிருதா மற்றதைவிட அரை அங்குலம் உயரமாகவே இருந்தது. மட்டமான இடத்தில் உள்ள மண்டபத்தில் கல்யாணம் என்றால் மனைவியை மட்டும் பஸ்ஸில் அனுப்பிவைப்பார். அந்த அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா வாய் திறந்து அதிகம் பேசாதவர். பஸ்ஸில் தனியாகப் போய் வந்த கல்யாணங்களைப் பற்றி மட்டும் அவ்வப்போது ஒரு பெருமூச்சு விடுவார்.

காலைப் பயணத்தில் முன் ஆசனம் விளையாட்டு மாஸ்டருக்கு. ஆறடி உயரம், அதற்கேற்ற உடம்பு. கார் என்ற விஷயத்தில் உப அதிபர் எதைச் சொன்னாலும் “அது சரிதான் சேர்” என்பார். சொல்வதற்கும் நிறைய இருந்தது. பெற்றோலை விடியற்காலைக் குளிரில்தான் அடிக்க வேண்டும், அப்போதுதான் அளவு கூட வரும். வெள்ளைக் காரைத் தவிர வேறு நிறக் கார் வாங்குகிறவனுக்கு விற்கும்போது புத்தி வரும். ஏசி போட்டால் எஞ்சின் இளைத்துப்போகும். ஏறி வருகிற வாகனத்துக்கு இறங்குகிறவன் வழி விட வேண்டும் என்ற சின்ன விஷயம்கூடக் கொழும்பிலிருந்து வரும் சுற்றுலா வேன்காரனுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வாகன விளம்பரப் பக்கத்தை முதலில் எடுப்பார். வெளிநாட்டு வாகனம் நாட்டுக்குள் வராது என்று ஆன பிறகு பழைய கார்களின் விலை மேலே போய்க்கொண்டிருந்தது. திங்கட்கிழமை எங்களுக்கு அறிக்கை வாசிப்பார். “இன்னைக்கு வித்தா வாங்குன விலையப் போல ரெண்டு மடங்கு வரும் டீச்சர்.” அப்படியானால் விற்கலாமே என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். “பெத்த புள்ளையையும் வித்துரவா?” என்றார். விளையாட்டு மாஸ்டர் திரும்பி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கார் இல்லாதவளுக்குக் கருத்து எதற்கு என்ற பார்வை. இன்று எனக்கும் ஒரு கார் இருக்கிறது. வெள்ளைதான். விடியற்காலைக் குளிரில்தான் பெற்றோல் அடிக்கிறேன். ஏனென்று என் கணவர் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற நாட்களில்தான் உப அதிபருக்கு உண்மையான மரியாதை கிடைத்தது. எங்கள் பக்கத்துப் பெற்றோல் செட்டுக்குப் போகும் வீதி இறக்கம். வரிசை ஒரு காரளவு நகரும்போதெல்லாம் மற்றவர்கள் எஞ்சினைப் போட்டு, இருக்கிற சொட்டையும் எரித்தார்கள். சிலர் இறங்கித் தள்ளினார்கள். உப அதிபர் கைபிரேக்கை விடுவார், பிடிப்பார். வரிசையின் வாலிலிருந்து தலைவரை ஒருமுறைகூடச் சாவியைத் திருப்பவில்லை. கடைசியில் பத்துப் பேர் அவரைச் சூழ்ந்து நின்று அந்த வித்தையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மனிதர் தேர்த் திருவிழாவில் முதல் மாலை வாங்கியவர் போல வீட்டுக்கு வந்தாராம்.

அதற்குப் பிந்திய சில மாதங்களில், போனில் கட்டம் கட்டமாக இருக்கும் படத்தைக் காட்டி வாரத்துக்கு இவ்வளவு என்று பெற்றோல் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான், அவருடைய மகளின் கல்யாணப் பேச்சு வந்தது. ஒரே மகள். யாழ்ப்பாணத்தில் வங்கியொன்றில் வேலை. கூட வேலை செய்த பையனும் இவளும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பையனின் அப்பா ஓய்வுபெற்ற தபாலதிபர். பெண் வீட்டாரை ஒருமுறை நேரில் பார்த்துக் கதைத்த பிறகு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். மகள் போன் எடுத்து, அம்மாவிடம் ஒரே ஒரு விஷயத்தை வற்புறுத்தியிருந்தாள். “அப்பாவ வேன் புடிச்சு வரச் சொல்லுங்கம்மா. கார் வேணாம். இங்க மேடே இல்ல.”

மறுநாள் காலை காரில் உப அதிபர் இதைச் சொன்னபோது குரல் கம்மியிருந்தது. ஒரு முடக்கில் ஹோர்ன் அடிக்கவே மறந்துவிட்டார். “மேடு இல்லாத ஊரு எங்கங்க டீச்சர் இருக்கு? குளத்துக்குப் பக்கத்துலதான் பையன் வீடுன்னு அவளே சொல்றா. குளம்னா கட்டு இருக்கும்ல? கட்டு மேல நிப்பாட்டினா முடிஞ்சுது வேலை. அவளுக்கு நம்ம காரப் பத்தி வெக்கமா இருக்கு, அதான் விஷயம்.” அடுத்த முடக்கைத் திருப்பி முடித்தார். பிறகு, “அவங்க அந்தக் காலத்துலயே காரு வச்சிருந்த ஆளுங்களாம். நாம வாடகை வேன்ல போய் எறங்கினா என்ன சொல்லுவாங்க? தோட்டத்து ஆளுங்க வாடகை வேன்ல வந்தாங்கன்னுதானே சொல்லுவாங்க? நான் என் கார்லதான் போவேன்” என்றார். “அது சரிதான் சேர்” என்றார் விளையாட்டு மாஸ்டர். எனக்கும் அந்த நேரத்தில் அது சரியாகத்தான் பட்டது. மலையில் பிறந்தவள்தானே நானும். தண்ணீர் தேங்கினால் அதற்கு ஒரு கட்டு இருக்கும், கட்டு இருந்தால் ஒரு இறக்கம் இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

பெற்றோல் அடிக்கப் போனதைத் தவிர, மூன்று வாரம் கார் குவாட்டர்ஸ் வாசலை விட்டு நகரவில்லை. பெற்றோலை டாங்கியில் சேர்த்துவைத்தார். நாங்கள் பாடசாலைக்கு நடந்தோம். பயணத்துக்கு என்னையும் விளையாட்டு மாஸ்டரையும் அழைத்தார். தமிழ் டீச்சர், நாலு வார்த்தை நயமாகப் பேசுவேன் என்பதால் என்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். ஏறி உட்கார்ந்து பார்த்த பிறகுதான் விளங்கியது: பேசுவதற்கு அல்ல, தள்ளுவதற்கு ஆள் எடுத்திருக்கிறார். விளையாட்டு மாஸ்டர் முழு ஆள், நான் அரை ஆள்.

இறம்பொடை வரைக்கும் சந்தோஷமாகப் போனோம். அனுமார் கோவில் பக்கத்தில் நல்ல இறக்கமாகப் பார்த்து நிறுத்தி, கும்பிட்டு, திருநீறு பூசி, காரின் நெற்றியிலும் பூசினார். அங்கிருந்து எஞ்சினைப் போடாமல் நீர்வீழ்ச்சி நீர்வீழ்ச்சியாக உருண்டு இறங்கினோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டி தாண்டியது, மாத்தளை தாண்டியது. ஒரு சின்ன இறக்கத்தில் நிறுத்தித் தேநீர் குடித்தோம். அதுதான் கடைசி இறக்கம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதன்பின் வீதி நீண்டது, நீண்டது, நீண்டுகொண்டே போனது. உப அதிபர் இந்தப் பக்கமெல்லாம் பஸ்ஸில் வந்தவர்தான். ஆனால் பஸ் எங்கே நிற்கிறது என்பது டிரைவரின் கவலை. இப்போதுதான் முதன்முதலாக நிலத்தைப் பார்த்தார். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். “என்னா மாஸ்டர், இப்புடி இருக்கு?” என்றார் மெதுவாக. முதன்முறையாக விளையாட்டு மாஸ்டர் அது சரிதான் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு கார் நிற்கவே இல்லை. யாருக்காவது இறங்க வேண்டியிருந்தால் எஞ்சின் ஓட ஓட, ஒருவர் ஆக்சிலேட்டரில் கால் வைத்திருக்க, முறை போட்டு இறங்கினோம். கால் எடுத்தால் எஞ்சின் நின்றுவிடும். ஐடிலில் நிற்கிற வயதெல்லாம் அதற்கு எப்போதோ போய்விட்டது. “பேட்டரி வாங்குங்கன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்” என்றார் அக்கா, வவுனியாவில் ஒருமுறை, ஆனையிறவில் ஒருமுறை.

யாழ்ப்பாணத்தில் மகள், தான் தங்கியிருந்த வீட்டு வாசலில் பட்டுச் சேலையோடு காத்து நின்றாள். அப்பாவின் காரைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. ஆனாலும் வளர்ப்பு எங்கே போகும்? சேலையைத் தூக்கிப் பிடித்து, நாலடி ஓடி, ஏறிவிட்டாள். அந்தக் காரிலேயே ஓட்டப் பழகிய பிள்ளை அவள். “குளம் எங்கம்மா?” என்று கேட்டார் உப அதிபர். அவள் காட்டினாள். தாமரை பூத்து அழகாகத்தான் இருந்தது. வீதியின் மட்டத்துக்கே கிடந்தது. கட்டுமில்லை, கரையுமில்லை.

தபாலதிபரின் வீட்டு முற்றம் முழுக்க வெண்மணல். பக்கத்தில் ஒரு கார்க் கொட்டகை, அதற்குள் கார் இல்லை. தபாலதிபரும் அவர் மனைவியும் மகனும் வாசலில் நின்று, “வாங்கோ, வாங்கோ” என்றார்கள். விளையாட்டு மாஸ்டரை ஆக்சிலேட்டரில் விட்டுவிட்டு நாங்கள் இறங்கினோம். எஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது. பெற்றோலைச் சொட்டுச் சொட்டாகச் சேமித்த காலம் அது. வீதியில் போனவர்கள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். “ஏன், காரை நிப்பாட்டுங்கோவன்” என்றார் தபாலதிபர். “இல்லங்க, மலையில ஓடுன எஞ்சினு. பட்டுன்னு நிப்பாட்டினா ஹெட் வெடிச்சிரும். கொஞ்சம் ஆறட்டும்” என்றார் உப அதிபர். “உள்ளுக்கை இருக்கிறவர் வரமாட்டாரோ?” “அவருங்க விரதம்.” ஆறடி விரதக்காரர் உள்ளிருந்து கும்பிட்டார்.

விறாந்தையில் உட்கார்ந்து எல்லாரும் கத்திக் கத்திப் பேசினோம். எஞ்சின் சத்தத்தில் வேறு வழியில்லை. “பயணம் எல்லாம் சுகமோ?” என்று தபாலதிபர் கத்தினார். “ரொம்ப சுகங்க!” என்று உப அதிபர் கத்தினார். நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வந்த நயமான நாலு வார்த்தையையும் சந்தையில் கத்துவதுபோலத்தான் சொன்னேன். சாப்பாடு ஆனது. நண்டுக் குழம்பின் வாசம் முற்றத்துக்குப் போனதும் விரதக்காரரின் முகம் வாடிவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. நான் போய், “நீங்க போய்ச் சாப்பிடுங்க மாஸ்டர், நான் பாத்துக்கிறேன்” என்றேன். “கால் பெருவிரலை மட்டும் வச்சு அமுக்கிக்கிட்டே இருங்க. வேற எதையும் தொட்டுராதீங்க” என்று சொல்லிவிட்டு அவர் ஒரே பாய்ச்சலில் உள்ளே போனார். விரதம் எப்போது முடிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அன்றைய என் குற்றத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன். கார் நின்ற இடத்துக்கு நேரே அடுக்களை ஜன்னல் இருந்தது. பையனின் அம்மா அங்கே தேநீர் ஊற்றிக்கொண்டே கணவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கை அசைவதைப் பார்த்தால் எங்களைப் பற்றித்தான் பேசுகிறார் என்று தெரிந்தது, பேச்சுத்தான் கேட்கவில்லை. கல்யாண முடிவு அந்த ஜன்னலுக்குள் இருக்கிறது. காதைக் கொடுக்காமல் எப்படி இருப்பேன்? கொஞ்சம் சாய்ந்தேன். இன்னும் கொஞ்சம் சாய்ந்தேன். பெருவிரல் நழுவிவிட்டது. எஞ்சின் இரண்டு தரம் விக்கி நின்றது.

காலையிலிருந்து கேட்காத அமைதி திடீரென்று வந்துவிட்டது. எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்கட்டும் என்று உரத்துப் பேசிக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்குக் குரலைத் தணிக்க நேரமிருக்கவில்லை. அவர் சொன்னது வீடு முழுக்க, முற்றம் முழுக்க, மதிலுக்கு அப்பாலும் கேட்டது. “தோட்டத்தில கூலி வேலை செய்த சனம் எண்டு தெரிஞ்சால் ஊரில நாலு பேர் என்ன கதைப்பினம்?”

எனக்கு முகத்தில் அறை விழுந்ததுபோல இருந்தது. விறாந்தையைப் பார்த்தேன். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பையன் “அம்மா!” என்று எழுந்துவிட்டான். உப அதிபர் கையிலிருந்த வெற்றிலையை மெதுவாகத் தட்டத்தில் வைத்தார். அடுக்களை வாசலில் கல்லாகி நின்ற அந்த அம்மாவைப் பார்த்து, சத்தம் உயர்த்தாமல் சொன்னார்: “ஊர்ல கேட்டா அதையே சொல்லிருங்கம்மா. அதுல பொய் ஒண்ணும் இல்ல. எங்கம்மா கொழுந்து எடுத்துத்தான் என்னையப் படிக்க வச்சாங்க. நாங்க வர்றோம்.” நான் அவரை எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். அந்த நிமிடத்தில் எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது.

தலை நிமிர்ந்து வந்து காரில் ஏறினார். நாங்களும் ஏறினோம். கதவுகளைச் சாத்தினோம். சாவியைத் திருப்பினார். “டிக்” என்றது.

இன்னொரு தரம் திருப்பினார். இன்னொரு “டிக்”. கோபித்துக்கொண்டு கிளம்பிய நாங்கள் அவர்கள் முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தோம். “எறங்குங்க” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. இறங்கித் தள்ளினோம். மணலில் சில்லு அரை அடி புதைந்ததுதான் மிச்சம். தபாலதிபர் படியிறங்கி வந்தார். “பற்றறி செத்துப் போச்சுதோ?” “பேட்டரி நல்லா இருக்குங்க. இந்த ஊர்க் காத்து ஒத்துக்கல.” தபாலதிபர் பொனட்டைத் திறந்தார். ஒரு நிமிடம் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஐயா, சண்டைக் காலத்தில நாங்கள் மண்ணெண்ணெயில கார் ஓடின ஆக்கள். ரெண்டு சொட்டுப் பெற்றோலைக் காபரேட்டரில விட்டு உசுப்பிப்போட்டு, பிறகு மண்ணெண்ணெய். எனக்கு ஏன் ஒளிக்கிறியள்? எத்தினை வருசமாய் உருட்டி ஓடுறியள்?” உப அதிபர் விறைப்பாகத்தான் நின்றார். ஆனால் இப்படிக் கேட்டால் எந்தக் கார்க்காரரால் பேசாமல் இருக்க முடியும்? “ஒம்பது வருஷமுங்க” என்றார். “மண்ணெண்ணெயில லீட்டருக்கு எவ்வளவு ஓடுச்சு?”

அவ்வளவுதான். இரண்டு தலையும் பொனட்டுக்குள் போய்விட்டன. மண்ணெண்ணெய்ப் புகை, பிளக்கில் பிடிக்கும் கரி, நியூட்ரலில் இறங்குவது நல்லதா கெட்டதா, வெள்ளைக் காருக்கு என்ன விலை போகிறது. தபாலதிபர் மகனின் படிப்புக்காகத் தன் காரை விற்றவராம். கொட்டகையை மட்டும் பிரிக்க மனமில்லையாம். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஒரு பெண்ணின் வாழ்க்கை முற்றத்தில் நிற்கிறது, இவர்கள் காபரேட்டரைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அக்கா மரத்தடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள்தான் முதலில் அசைந்தாள். செருப்பைக் கழற்றி எறிந்தாள், பட்டுச் சேலையை முழங்கால்வரை சுருட்டிச் செருகினாள், டிரைவர் ஆசனத்தில் ஏறினாள். “பேசுனது போதும். தள்ளுங்க எல்லாரும்” என்றாள்.

தள்ளினோம். பின்னால் விளையாட்டு மாஸ்டரும் பையனும் தோள் கொடுத்தார்கள். தபாலதிபர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பக்கம், உப அதிபர் மறுபக்கம். நானும் அக்காவும் இடைவெளியில் கை வைத்தோம். சில்லு மணலை விட்டு ஏற மறுத்தது. அப்போது எங்களுக்கு நடுவில் இன்னொரு சோடிக் கை வந்தது, தேயிலைச் சாயம் படிந்த கை, இரண்டு பக்கமும் தங்கக் காப்பு. பையனின் அம்மா. தள்ளிக்கொண்டே அக்காவின் பக்கம் திரும்பி, “நான் அப்பிடிக் கதைச்சது பெரிய பிழை, என்னை...” என்று தொடங்கினார். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து வாய் திறக்காத அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “மொதல்ல தள்ளுங்கம்மா. மத்ததெல்லாம் பொறகு பேசிக்கலாம்.”

கார் மணலிலிருந்து எகிறி, வாசலைத் தாண்டி, வெளியே ஒழுங்கைச் சந்தில் விழுந்து ஓடியது. இரண்டாவது கியரில் கிளட்சை விட்டாள் பாருங்கள், அப்பனை மிஞ்சிய பிள்ளை, ஒரே குலுக்கலில் உயிர் பிடித்தது. மகள் மட்டும் காரோடு போய்விட்டாள். இரண்டு வீட்டாரும் புழுதிக்குள் நின்றோம். ஒழுங்கையைச் சுற்றித் திரும்பி வந்தபோது அவள் நிறுத்தவில்லை. அதைச் சொல்லவும் வேண்டுமா? “ஏறுங்க, ஏறுங்க!” என்றாள். நாங்கள் பழக்கமான ஆட்கள். கொசுவத்தைப் பிடித்து, நாலடி ஓடி, விழுந்து ஏறினோம். யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் இரண்டு மதிலுக்கு மேலாலும் தலைகள் நின்று பார்த்தன. ஏறி மூச்சு விட்டு எண்ணிப் பார்த்தால் ஆறு பேர் இருந்தோம். பையனும் ஏறியிருந்தான், ஒற்றைச் செருப்போடு. வங்கிக்காரன், யோசிக்காமல் எதையும் செய்ய மாட்டான் என்று அவள் சொல்லியிருந்தாள். கிளிநொச்சியில் அவனையும் மகளையும் யாழ்ப்பாண பஸ்ஸுக்கு இறக்கிவிட்டோம். அதற்கு முன்பே எங்களுக்கு முடிவு தெரிந்துவிட்டது.

கல்யாணம் தை மாதத்தில் தலவாக்கலையில் நடந்தது. மண்டபத்தைத் தெரிவு செய்தது உப அதிபர் என்பதால் சாப்பாட்டு மேசையில் வைத்த ரசம்கூட ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். நான் வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றேன். அவர்கள் ஊர்ப் பெண்மணி ஒருவர் பையனின் அம்மாவிடம், “பொம்பிளையின்ர ஆக்கள் என்ன செய்யிற ஆக்கள்?” என்று கேட்டது காதில் விழுந்தது. செம்பைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தேன். அந்த அம்மா குரலைத் தணிக்கவில்லை. “தேயிலைத் தோட்டம். சம்பந்தியின்ர தாய் கொழுந்து பறிச்சுத்தான் அவரைப் படிப்பிச்சவ. தங்கமான சனம். கார்தான் சரியில்லை.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பினால் உப அதிபர் எனக்குப் பின்னால் நிற்கிறார், சந்தனக் கிண்ணத்தோடு. அவரும் கேட்டிருந்தார். கண் சிவந்து, உதடு துடித்துக்கொண்டிருந்தது. “கேட்டீங்களா டீச்சர்?” என்றார். “கேட்டேன் சேர்” என்றேன். “காரு சரியில்லையாம்” என்றார்.

முற்றத்தில் கேட்ட சொல்லைக் காரைத் தள்ளி முடிப்பதற்குள் மறந்தவர் அவர். இதை மறக்கவில்லை. மருமகன் புது பேட்டரி ஒன்று வாங்கிக் கொடுத்தான். அது வீட்டில், கரண்ட் போனால் விளக்கெரிக்கப் பயன்படுகிறது. இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். பேத்தி நடை பழகுகிறாள். மாதத்துக்கொரு முறை அக்காவும் அவரும் அவளைப் பார்க்க யாழ்ப்பாணம் போகிறார்கள், பஸ்ஸில். நாள் முழுக்கப் பயணம். முதுகு ஒடிந்துபோகிறது என்கிறார் அக்கா. ஒவ்வொரு தடவையும் சம்பந்தியம்மா வாசலுக்கு ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டு, “ஏன் பஸ்ஸில கஷ்டப்படுறியள், காரிலை வரலாம்தானே?” என்று கேட்கிறாராம்.

“அது உங்க வீட்டுக்கு வராதுங்கம்மா” என்கிறாராம் இவர்.